ஆய்வுக்கூடத்து அணுவாயுவும் நியூட்ரான் விண்மீனும்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், அறிவியல் பக்கத்தில் மீக்குளிர் அணுக்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை முன்னிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். லேசர் ஒளியால் பிடித்து வைக்கப்பட்ட சிறிதளவு வாயுவைச் சுழலச் செய்து, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே ஒரு நியூட்ரான் விண்மீனை அறிவியலாளர்கள் உருவாக்கிவிட்டார்கள் என்று அக்கட்டுரை கூறியது. பினாங்கில் படிவம் ஆறு மாணவர்களுக்கு நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அக்கூற்றை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சோதனைகள் உண்மையானவை, அரியவை. அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட முடிவுதான் தவறானது. ஆய்வுக்கூடத்தில் விண்மீன் எதுவும் உருவாகவில்லை. விண்மீனைப் பற்றி நாம் போடும் கணக்கு சரிதானா என்று உரசிப் பார்ப்பதற்கான ஒரு களம் அங்கே உருவாகியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தொலைவைச் சற்று விரிவாகவே விளக்க இடம் தர வேண்டுகிறேன்.

இந்த வரலாறு ஹீலியத்தில் தொடங்குகிறது. லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் 1908ஆம் ஆண்டில் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அத்திரவம் 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்ததும் பாகுத்தன்மை இல்லாமல் ஓடத் தொடங்குகிறது என்பதை, அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, மாஸ்கோவில் பியோத்தர் கப்பித்சாவும், கேம்பிரிட்ஜில் ஜான் ஆலன், டொனால்ட் மிசெனர் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். இரு ஆய்வுக் குறிப்புகளும் 1938 ஜனவரியில் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியாயின. இத்தகைய பாய்மத்தையே மீப்பாய்மம் என்கிறோம். மயிரிழைத் துளைகளின் வழியே தடையின்றி ஓடுவதும், கிண்ணத்தின் சுவரில் தானே ஏறி வழிவதும் இதன் புகழ்பெற்ற வித்தைகள். பள்ளி நூல்கள் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகின்றன. ஆயினும், மீப்பாய்மத்தின் உண்மையான விந்தை அதைச் சுழற்ற முற்படும்போதுதான் வெளிப்படுகிறது.

உணவகத்தில் ஒரு குவளைத் தே தாரிக்கைக் கரண்டியால் கலக்கினால், தேநீர் நாம் கொடுக்கும் எந்த வேகத்தையும் ஏற்றுக்கொண்டு சுழலும். கரண்டியை எடுத்தபின் உராய்வினால் மெல்ல மெல்ல ஓய்ந்துவிடும். மீப்பாய்மத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அதிலுள்ள துகள்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே அலையாக இயங்குகின்றன. மூடிய பாதையொன்றைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்போது, அவ்வலையின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் அது இருக்கும் நிலை, தொடங்கிய நிலையோடு பொருந்தியாக வேண்டும். எனவே அக்கட்டம் ஒரு முழுச் சுற்றோ, இரண்டு முழுச் சுற்றுகளோ மாறலாம், ஒன்றரைச் சுற்று மாற இயலாது. பாய்மத்தின் திசைவேகம் இக்கட்டம் இடத்துக்கு இடம் மாறும் வீதத்தால் தீர்மானிக்கப்படுவதால், பாய்மத்தின் சுற்றோட்டமும் (மூடிய பாதையைச் சுற்றித் திசைவேகத்தைக் கூட்டினால் கிடைக்கும் அளவு) ஒரு குறிப்பிட்ட அளவின் முழு மடங்காகவே இருக்கும். பிளாங்க் மாறிலியை, அலையாக இயங்கும் துகளின் நிறையால் வகுத்தால் அந்த அளவு கிடைத்துவிடும். ஹீலியத்துக்கு அது வினாடிக்கு 0.001 சதுர சென்டிமீட்டர்.

இக்கருத்தை லார்ஸ் ஓன்சாகர் 1949இல் ஃபுளோரன்ஸ் நகரில் நடந்த ஒரு மாநாட்டில், வேறொருவரின் உரையைத் தொடர்ந்த கலந்துரையாடலின்போது, போகிற போக்கில் சொன்னார். இன்று ஒரு முழுத் துறையே அந்த ஓரிரு வாக்கியங்களின்மேல் நிற்கிறது. ரிச்சர்ட் ஃபைன்மன் 1955இல் அதை விரிவாக்கினார். சுழலும் பாத்திரத்தில் உள்ள மீப்பாய்மம் திடப்பொருள்போல ஒட்டுமொத்தமாகச் சுழலாது. சுழற்சி அச்சுக்கு இணையாக அதனூடே மெல்லிய சுழல்கள் உருவாகும். ஒவ்வொரு சுழலும் ஒரே ஓர் அலகு சுற்றோட்டத்தை ஏந்தியிருக்கும். பாத்திரத்தின் வேகம் கூடினால் சுழல்களின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொன்றின் வலிமையும் மாறாது. வினாடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் சுழலும் ஹீலியத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2,000 சுழல்கள் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. வில்லியம் வினென் 1961இல் ஹீலியத்துக்குள் ஒரு கம்பியை அதிரவிட்டு, அந்த ஓர் அலகுச் சுற்றோட்டத்தை அளந்து காட்டினார். 1979இல் பெர்க்லியில் யார்ம்சக், கார்டன், பேக்கார்ட் ஆகிய மூவரும் சுழல் வரிசைகளைப் படமாகவே எடுத்துவிட்டனர்.

இனி விண்மீனுக்கு வருகிறேன். பெரிய விண்மீன் ஒன்று வெடித்து மடிந்த பின் எஞ்சும் உட்கருவே நியூட்ரான் விண்மீன். நம் ஞாயிற்றை விடவும் அதிகமான நிறை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்துக்குள் அடைபட்டிருக்கும். அக்கோளம் பினாங்குத் தீவைவிட அவ்வளவு பெரியதன்று. அப்பொருளும் மீப்பாய்மமாக இருக்கலாம் என்று ரஷ்யரான அர்க்காடி மிக்தால் 1959இல் எழுதினார். அப்போது நியூட்ரான் விண்மீன் ஒன்றைக்கூட எவரும் கண்டதில்லை. மீக்கடத்திகளில் எலெக்ட்ரான்கள் இணை சேர்வதை 1957ஆம் ஆண்டின் கோட்பாடு விளக்கியிருந்தது. அதே விதத்தில் நியூட்ரான்களும் இணை சேரும் என்பது அவர் வாதம். ஜோஸ்லின் பெல்லும் ஆண்டனி ஹியூவிஷும் 1967இல் முதல் பல்சரை, அதாவது சீரான வானொலித் துடிப்புகளை அனுப்பியவாறு சுழலும் நியூட்ரான் விண்மீனை, கண்டபிறகுதான் அக்கருத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது.

தங்கள் கட்டுரையில் இடம்பெறாத ஒரு பெயரை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். வேலா என்ற தென்திசை விண்மீன் கூட்டத்தில் உள்ள பல்சர் வினாடிக்கு ஏறத்தாழ பதினொரு முறை சுழல்கிறது. அதன் காலவட்டம் 89 மில்லிவினாடி. காந்தப்புலத்தின் வழியே ஆற்றலை இழப்பதால் அக்காலவட்டம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10.8 நானோவினாடி வீதம் நீண்டுகொண்டே செல்கிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கியில் இதை அளந்துகொண்டிருந்த வெங்கட்ராமன் ராதாகிருஷ்ணனும் ரிச்சர்ட் மான்செஸ்டரும், 1969ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அக்காலவட்டம் திடீரெனக் குறைந்திருப்பதைக் கண்டனர். அமெரிக்காவில் ரைக்லியும் டவுன்ஸும் அதையே தனித்துக் கண்டனர். குறைவு 200 நானோவினாடி அளவினது, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. பல்சர் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் இழந்த வேகத்தை ஒரே தாவலில் மீட்டுக்கொண்டது என்று பொருள்.

ராதாகிருஷ்ணன் 1929இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மகன், பின்னாளில் பெங்களூரில் ராமன் ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக 1972 முதல் 1994 வரை இருந்தவர். தந்தையின் பெயர் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். மகனின் பெயர் அவர்களுடைய ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. இதை இனப்பெருமைக்காகச் சொல்லவில்லை. நியூட்ரான் விண்மீனுக்குள் சுழல்கள் இருக்கின்றன என்று நாம் நம்புவதற்கு அடிப்படையான சான்று அந்தத் தாவல்தான் என்பதால், அதைக் கண்டவரை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது என்பதற்காகவே சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. முதல் பல்சரைக் கண்ட கேம்பிரிட்ஜில் வேலா பல்சர் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. பினாங்கில் அது தென்வானில் ஏறத்தாழ 40 பாகை உயரம் வரை ஏறுகிறது. பங்குனி மாத இரவுகளில் தெலுக் கும்பார் கரையில் நின்று தெற்கே பார்த்தால் அந்தப் பகுதி நன்றாகவே தெரியும். பல்சர் கண்ணுக்குத் தெரியாது என்றாலும் அதைச் சூழ்ந்த விண்மீன்கள் தெரியும்.

தாவலுக்கு முதலில் சொல்லப்பட்ட காரணம் விண்மீன் நடுக்கம்; திண்மமான மேலோடு வெடித்துச் சுருங்கியதால் வேகம் கூடியது என்றனர். ஆனால் வேலா பல்சர் சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதே அளவில் தாவிக்கொண்டிருக்கிறது. அத்தனை நடுக்கங்களுக்கு வேண்டிய இறுக்கம் அவ்வளவு விரைவில் மேலோட்டில் சேராது. மேலும், தாவலுக்குப் பிறகு பழைய நிலைக்கு மீள வாரங்களும் மாதங்களும் பிடிக்கின்றன; உள்ளே இருப்பது சாதாரணப் பாய்மமானால் உராய்வு அந்த வேறுபாட்டைக் கணப்பொழுதில் தீர்த்திருக்கும். உள்ளே உராய்வற்ற ஏதோ ஒன்று மேலோட்டுடன் மிகத் தளர்வாகவே இணைந்திருக்கிறது என்று கார்டன் பேமும் உடன் ஆய்ந்தோரும் 1969இலேயே வாதிட்டனர்.

பிலிப் ஆண்டர்சனும் நவோக்கி இதோவும் 1975இல் தந்த விளக்கமே இன்றுவரை முதன்மையானது. மேலோட்டின் உட்பகுதியில் அணுக்கருக்கள் படிகம்போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கு இடையே நியூட்ரான் மீப்பாய்மம் நிறைந்திருக்கிறது. மீப்பாய்மத்தின் சுழற்சி குறைய வேண்டுமானால் சுழல்களின் அடர்த்தி குறைய வேண்டும், அதாவது அவை அச்சைவிட்டு வெளிப்புறமாக நகர வேண்டும். ஆனால் அணுக்கரு அடுக்கு அவற்றை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மேலோடு நாள்தோறும் வேகம் குறைய, உள்ளிருக்கும் மீப்பாய்மம் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இருவேகங்களின் இடைவெளி பெருகப் பெருக, சுழல்களை வெளியே தள்ளும் விசையும் பெருகி, ஒரு கட்டத்தில் எண்ணற்ற சுழல்கள் ஒருசேரப் பிடுங்கிக்கொண்டு நகர்கின்றன. மீப்பாய்மத்தின் கோண உந்தம் மேலோட்டுக்குக் கைமாறி, மேலோடு சட்டென வேகம் பிடிக்கிறது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் டாஸ்மேனியாவின் மவுண்ட் பிளெசண்ட் வானொலி ஆய்வகம் இப்படி ஒரு தாவலைத் துடிப்புக்குத் துடிப்பு பதிவு செய்தது. அத்தரவைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், வேகம் கூடுவதற்கு 13 வினாடிக்கு மேல் ஆகவில்லை என்று கண்டனர். தாவல் நிகழ்ந்த தறுவாயில் ஒரு துடிப்பு வராமலே போனது என்பதும் அப்பதிவில் உள்ளது.

எண்ணிக்கையைப் பாருங்கள். இணை சேர்ந்த இரு நியூட்ரான்களின் நிறை ஹீலிய அணுவின் நிறையில் பாதி. ஆகவே அதன் சுற்றோட்ட அலகு ஹீலியத்தினுடையதைப்போல் இருமடங்கு, வினாடிக்கு 0.002 சதுர சென்டிமீட்டர். இதை வைத்துக் கணக்கிட்டால், வேலா பல்சருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70,000 சுழல்கள் இருக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தொலைவு இருக்கும். விண்மீன் முழுவதற்கும் கூட்டினால் 10¹⁷ என்ற அளவைத் தாண்டுகிறது. பாத்திரத்து ஹீலியத்துக்கு எழுதப்பட்ட அதே சூத்திரம், அதே பிளாங்க் மாறிலி. மாறியது வகுக்கும் நிறை மட்டுமே.

அணுவாயுக்களின் கதை இதற்குப் பிந்தியது. டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸின் 1924ஆம் ஆண்டுக் கட்டுரையை ஐன்ஸ்டைன் மேலெடுத்துச் சென்றதால் பிறந்த ஒடுக்கம் (அணுக்கள் ஒரே நிலையில் ஒன்றுசேர்தல்) என்னும் கருத்து, எரிக் கார்னலும் கார்ல் வீமனும் 1995 ஜூனில் கொலராடோவின் போல்டர் நகரில் ரூபிடியம் அணுக்களை 170 நானோகெல்வின் வரை குளிர்வித்தபோது முதன்முதலாக ஒரு வாயுவில் மெய்யானது. அதே ஆய்வகம் 1999இல் அவ்வொடுக்கத்தில் முதல் சுழலை உருவாக்கியது. பாரிசில் ஜான் தாலிபார் குழு 2000இல் பல சுழல்களை ஒருங்கே காட்டியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வோல்ஃப்காங் கெட்டர்லே குழு 2001இல் நூற்றுக்கும் மேற்பட்ட சுழல்கள் முக்கோண ஒழுங்கில் அமைந்திருப்பதைப் படமெடுத்தது. இவை அனைத்தும் போசான் வகை அணுக்கள், ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடியவை. நியூட்ரானோ ஃபெர்மியான், ஒரே நிலையில் இரண்டு இருக்க உடன்படாத இனம், இணை சேர்ந்தால்தான் அது மீப்பாய்மம் ஆக முடியும். ஆகவே நியூட்ரானோடு ஒப்பிடத் தக்கது 2005இல் வந்த சோதனை. லித்தியம்-6 அணு ஒரு ஃபெர்மியான். கெட்டர்லே, மார்ட்டின் ஸ்வியர்லைன் ஆகியோரின் குழு, அந்த வாயுவை லேசர் கற்றைகளால் கிளறி, அதில் சுழல்கள் ஒழுங்காக அமைவதைக் காட்டியது. உராய்வின்மைக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

லித்தியம் வாயுவுக்கும் நியூட்ரான் பொருளுக்கும் உள்ள உறவு இங்கேதான் தொடங்குகிறது. தங்கள் கட்டுரை சறுக்கியதும் இங்கேதான். ஆய்வுக்கூட வாயுவில் ஒரு கன சென்டிமீட்டரில் 10¹³ அணுக்கள் அளவில் இருக்கும். நாம் மூச்சிழுக்கும் காற்றைவிட அது லட்சக்கணக்கான மடங்கு ஐதானது. நியூட்ரான் விண்மீனில் அதே கொள்ளளவில் 10³⁸ நியூட்ரான்கள். முன்னதன் வெப்பநிலை கெல்வினில் கோடியில் ஒரு பங்கு. பின்னதன் வெப்பநிலை பத்துக் கோடி கெல்வின். இவ்வளவு தொலைவில் உள்ள இரண்டை எப்படி ஒப்பிடுகிறார்கள் என்று வாசகர் கேட்பது நியாயமே.

ஒரு ஃபெர்மியான் வாயு குளிர்ந்திருக்கிறதா என்பதை வெப்பமானியின் எண்ணைக் கொண்டு முடிவு செய்வதில்லை. அதன் அடர்த்தி நிர்ணயிக்கும் ஃபெர்மி வெப்பநிலையோடு ஒப்பிட்டே முடிவு செய்வார்கள். லித்தியம் வாயுவில் ஃபெர்மி வெப்பநிலை ஒரு மைக்ரோகெல்வினை ஒட்டியது. ஆய்வாளர்கள் எவ்வளவு முயன்றும் வாயுவின் வெப்பநிலை அதில் பத்தில் அல்லது இருபதில் ஒரு பங்காகவே நிற்கிறது. மேலோட்டின் உட்பகுதியில் உள்ள நியூட்ரான்களுக்கோ ஃபெர்மி வெப்பநிலை 10¹¹ கெல்வினுக்கும் மேல்; அதோடு ஒப்பிட்டால் பத்துக் கோடி கெல்வின் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வகையில் பார்த்தால், விண்மீனே ஆய்வுக்கூட வாயுவைவிடக் குளிர்ந்தது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அடங்கும்.

இரண்டாவது ஒற்றுமை இன்னும் ஆழமானது. இரு நியூட்ரான்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையின் எல்லை ஓரிரு ஃபெம்டோமீட்டர் (ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது மீட்டரில் 10¹⁵இல் ஒரு பங்கு). ஆனால் மெதுவாக வரும் நியூட்ரான்கள் ஒன்றையொன்று சிதறடிக்கும் வலிமையைக் குறிக்கும் சிதறல் நீளம் ஏறத்தாழ 19 ஃபெம்டோமீட்டர். இயற்கை தற்செயலாக அமைத்துவிட்ட பொருத்தமின்மை இது. ஜார்ஜ் பெர்ட்ஷ் 1999இல் ஒரு கேள்வி கேட்டார்: விசையின் எல்லை சுழியமாகவும் சிதறல் நீளம் முடிவிலியாகவும் இருந்தால், அத்தகைய ஃபெர்மியான்களின் ஆற்றல் என்னவாக இருக்கும்? அடர்த்தி குறைந்த நியூட்ரான் பொருளுக்கு ஓர் எளிய மாதிரியாகவே அவர் அதைக் கேட்டார். லித்தியம்-6 வாயுவை ஏறக்குறைய 832 காஸ் காந்தப்புலத்தில் வைத்தால் அந்தக் கற்பனை நிலை மேசைமேல் நிஜமாகிவிடுகிறது. அதன் ஆற்றல், அணுக்கள் ஒன்றையொன்று அறியாமலிருந்தால் இருக்கக்கூடிய ஆற்றலில் 0.376 பங்கு என்று மாசசூசெட்ஸ் குழு 2012இல் அளந்தது. அணு எதுவாயினும் அந்தப் பின்னம் மாறாது. நியூட்ரான் பொருள் அந்த எண்ணுக்கு அருகில் வந்தாலும் அதனோடு முழுக்கப் பொருந்தாது. நியூட்ரான் விசையின் எல்லை சுழியமன்று என்பதே காரணம்.

அப்படியானால் லித்தியத்தை அளந்து விண்மீனைப் பற்றி என்ன சொல்ல முடியும்? நேரடியாக எதையும் சொல்ல முடியாது. அளவீடு கணக்கைச் சோதிக்கிறது. தேறிய கணக்கு விண்மீனுக்குச் செல்கிறது. இது எவ்வாறு நடக்கிறது என்பதற்கு 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடந்ததைச் சொல்வதே போதும். நீண்டு மெலிந்த லித்தியம் வாயுவின் ஒரு பாதிக்கு மட்டும் லேசரால் கட்டத்தை மாற்றிவிட்டபோது, அடர்த்தி குறைந்த ஒரு வடு உருவாகி, வாயுவுக்குள் முன்னும் பின்னும் மிக மெதுவாக ஆடத் தொடங்கியது. மாசசூசெட்ஸ் குழு அதைத் தட்டையான தனியலை, அதாவது வடிவம் மாறாமல் நகரும் ஒற்றை அலை, எனக் கருதியது. ஆட்டத்தின் மெத்தனத்தைக் கொண்டு கணித்தபோது, அதன் பயனுறு நிறை, அதாவது இயக்கத்தில் அது காட்டும் நிறை, வெறும் நிறையைப்போல் 200 மடங்குக்கு மேல் வந்தது. கோட்பாடு எதிர்பார்த்ததைவிட அது மிக அதிகம். அதிசயமான புதிய பொருள் ஒன்று கிடைத்துவிட்டதென்றே பலரும் எண்ணினர். அப்போது ஆரல் புல்காக், மைக்கேல் ஃபோர்ப்ஸ் முதலியோர், ஃபெர்மியான் மீப்பாய்மத்தின் இயக்கத்தை நொடிக்கு நொடி பின்தொடரும் கணினிக் கணக்கைக் கொண்டு, அங்கே ஆடியது தனியலையாக இருக்காது, சுழலாகவே இருக்க வேண்டும் என்று வாதிட்டனர். வளையச் சுழல் என்பது அவர்கள் கணிப்பு. அடுத்த ஆண்டில் அதே மாசசூசெட்ஸ் குழு வாயுவை அடுக்கடுக்காகப் படமெடுத்துப் பார்த்தது. ஆடிக்கொண்டிருந்தது சுழல்தான், ஆனால் வளையமாக இல்லை, வாயுவின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீண்ட ஒற்றைச் சுழல். சுழல் என்ற அளவில் கணக்கு வென்றது, வடிவத்தில் சோதனை அதைத் திருத்தியது. வாயு சீராக அமையாதபோது வளையம் எவ்வாறு ஒற்றைச் சுழலாக மாறுகிறது என்பதும் பின்னர் விளங்கியது. பிழை திருத்தம் இரு பக்கமும் நடந்த இந்த நிகழ்ச்சியை, வெற்றிச் செய்திகளை விடவும் பயனுள்ளதாக நான் கருதுகிறேன்.

இப்படித் தேர்வெழுதிய கணக்குமுறை விண்மீனுக்கும் போயிற்று. வ்லாஸ்லோவ்ஸ்கி, செகிசாவா, மகியெர்ஸ்கி ஆகியோர் புல்காக், ஃபோர்ப்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மேலோட்டில் உள்ள ஓர் அணுக்கருவின் அருகே நியூட்ரான் மீப்பாய்மத்தின் சுழல் ஒன்றை வைத்து, அது எவ்வாறு வளைகிறது, நகர்கிறது என்று கணக்கிட்டனர். அவர்கள் ஆராய்ந்த அடர்த்திகளில் அணுக்கரு சுழலை ஈர்க்கவில்லை, விலக்கியது. சுழல்கள் அணுக்கருவின்மேல் சிக்கவில்லை, அணுக்கருக்களுக்கு இடைப்பட்ட இடத்தில் தங்குகின்றன என்ற படத்துக்கு இது வலுவூட்டுகிறது. சுழலுக்கும் அணுக்கருவுக்கும் இடையே விசை எவ்வளவு, எத்திசையில் என்பது தெரியாமல் தாவலின் அளவைக் கணிக்க வழியில்லை; ஆகையால் தாவல் ஆராய்ச்சியின் கழுத்து நெரிபடும் இடம் இதுவே.

ஆய்வுக்கூடம் தர முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். வாயுவில் சுழல்களின் எண்ணிக்கை நூறை ஒட்டியது. விண்மீனில் 10¹⁷க்கு மேல். வாயுவில் இரு சுழல்களின் இடைவெளி ஒரு சுழலின் மையத் தடிமனைப்போல் பத்து மடங்கு அளவினது. விண்மீனில் நூறு கோடி மடங்கு அளவினது. கோடானுகோடி சுழல்கள் ஏன் ஒருசேரக் கிளம்புகின்றன என்ற கேள்விக்கு நூறு சுழல்களைக் கொண்டு விடை சொல்ல இயலாது. விண்மீனின் உள்மையத்தில் நியூட்ரான்கள் வேறு விதமாக இணை சேர்கின்றன. அங்கே மீக்கடத்தியாக மாறிய புரோட்டான்களும் உள்ளன. இதற்கு நிகரான எதுவும் லித்தியத்தில் இல்லை. படிக அடுக்கின் பங்கைக் கொஞ்சம் பார்க்கலாம்தான். ஒளியால் அமைத்த செயற்கை அடுக்கில் சுழல்கள் சிக்கி நிற்பதைக் கார்னல் குழு 2006இல் காட்டியிருக்கிறது. திண்மத்தின் ஒழுங்கும் மீப்பாய்மத்தின் ஓட்டமும் ஒருங்கே அமைந்த டிஸ்ப்ரோசியம் வாயுவில் சுழல்கள் உண்டாவதை இன்ஸ்ப்ரூக்கில் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோவின் குழு 2024இல் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில், அவ்வகைப் பொருளைச் சுழற்றி மெல்ல வேகம் குறைத்தால் பல்சரைப் போன்ற தாவல்கள் தோன்றும் என்று அதே நகரத்து ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு கணினிக் கணக்கு வந்தது. கணினியில் தோன்றிய தாவலை ஆய்வகத்தில் நிகழ்ந்த தாவல் என்றும், அதையும் தாண்டி விண்மீனே பிறந்துவிட்டதென்றும் ஒவ்வொரு கையாக மாறும்போது செய்தி பெருத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

விண்மீன் பக்கத்திலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. வேலாவின் தாவல்களைத் தாங்க, விண்மீனின் நிலைமத் திருப்புத்திறனில் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவில்) குறைந்தது 1.4 விழுக்காடு மீப்பாய்மத்திடம் இருக்க வேண்டும் என்று 1999இல் கணக்கிடப்பட்டது. மேலோட்டு மீப்பாய்மம் அதற்குப் போதும் என்றே வெகுநாள் நம்பினார்கள். ஆனால் அணுக்கரு அடுக்கு, தன்னிடையே ஓடும் நியூட்ரான்களில் பெரும்பகுதியைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது என்று நிக்கோலா ஷாமெல் முதலியோர் காட்டிய பின், 2012 முதல், மேலோடு மட்டும் போதாது, உள்மையமும் பங்கேற்க வேண்டும் என்ற வாதம் வலுத்தது. அந்த இழுப்பு அவ்வளவு வலுவானதுதானா என்று மறுப்போரும் உள்ளனர். விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே தங்கள் கட்டுரை சொன்னதுபோல் புதிர் விடுவிக்கப்பட்டுவிட்டது என்று எழுதுவதற்கான வேளை இன்னும் வரவில்லை.

தாங்கள் செய்ய வேண்டுவன என நான் கேட்டுக்கொள்வது இவை. கட்டுரைத் தலைப்பைப் பொருத்தவரையில் ஒரு திருத்தம் அடுத்த ஞாயிறு பதிப்பிலேயே வர வேண்டும். அத்திருத்தத்தில் 1969ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும் ராதாகிருஷ்ணன், மான்செஸ்டர் ஆகியோரின் பெயர்களும் இடம்பெற வேண்டும். கட்டுரையோடு வெளியான படம், 2005ஆம் ஆண்டு லித்தியம் சுழல்களைப் போலத் தோன்றினாலும், விண்மீனின் உட்புறம் என்ற விளக்கத்தோடு அச்சாகியிருந்தது. அவ்விளக்கத்தையும் மாற்ற வேண்டும். மாணவர் பக்கத்தில் இதைப் பற்றி எழுத இடமிருந்தால், வேலா பல்சரின் காலவட்டத்தையும் பிளாங்க் மாறிலியையும் கொடுத்து, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை சுழல்கள் என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லும் ஒரு பயிற்சியை எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு